ஞாபகசக்தி டப்பாவும் பிங்க் மாத்திரையும்

பொதுத்தேர்வு நெருங்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மெடிக்கல் ஷாப் கவுன்ட்டரின் முன்வரிசையே மாறிவிடும். இருமல் சிரப் பின்னுக்குப் போகும். வல்லாரை சிரப், ஒமேகா-3 காப்ஸ்யூல், டிஹெச்ஏ சேர்த்த சத்துபானம், கரடி பொம்மை வடிவ வைட்டமின் கம்மி எல்லாம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். வாங்கிப் போகும் பெற்றோரை ஏமாளிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. சாப்பாட்டுக்கும் மூளைக்கும் தொடர்பு உண்டு என்ற அவர்களுடைய நம்பிக்கை சரியானதுதான். எந்தப் பிள்ளைக்கு எது குறைகிறது என்று யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் கோளாறு.

கர்ப்பத்தில் அயோடின் போதவில்லை என்றால் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். உப்பில் அயோடின் சேர்ப்பதற்கு அதுவே முக்கியக் காரணம். இரும்புச்சத்தின் கதை இன்னும் கவலைக்குரியது. நரம்பு இழைகளைச் சுற்றி உறை உருவாகவும், கவனத்துக்கும் ஊக்கத்துக்கும் வேண்டிய டோபமைன் சுரக்கவும் இரும்பு தேவை. கைக்குழந்தைப் பருவத்தில் நீடித்த இரும்புக் குறைபாடு இருந்த பிள்ளைகளை, கோஸ்டாரிகாவில் பெட்ஸி லோசாஃப் குழுவினர் 19 வயதுவரை பின்தொடர்ந்தார்கள். சிகிச்சையில் ரத்தசோகை சரியான பிறகும் அறிவுத்திறன் சோதனைகளில் அவர்கள் பின்தங்கியே இருந்தார்கள். பத்தாம் வகுப்பில் டானிக் தேடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய வயது எது என்பதை இந்த ஆய்வு சொல்லிவிடுகிறது.

மீன் எண்ணெய்க்கு வருவோம். 2006இல் இங்கிலாந்தின் டரம் வட்டார நிர்வாகம், தேர்வு எழுதவிருந்த சுமார் 5,000 மாணவர்களுக்கு ஒமேகா-3 காப்ஸ்யூல் கொடுக்க முன்வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மாத்திரை சாப்பிடும் குழு ஒன்றுகூட இல்லை. இதெல்லாம் ஒரு சோதனையா என்று மருத்துவரும் பத்தியாளருமான பென் கோல்டேக்கர் விடாமல் கேட்டார். முறையாக நடந்த ஆய்வு 2012இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்தது. வாசிப்பில் பின்தங்கிய, 7 முதல் 9 வயதுள்ள 362 பிள்ளைகள். ஒரு பாதிக்கு நாள்தோறும் 600 மில்லிகிராம் டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு, மறுபாதிக்கு வெற்று மாத்திரை, 16 வாரம். மொத்தக் குழுவில் வித்தியாசம் தெரியவில்லை. வாசிப்பில் கடைசி நிலையில் இருந்தவர்களிடம் மட்டும் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. அதேபோலக் கடைசி நிலையில் இருந்த வேறு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு அதே குழு ஆய்வைத் திரும்ப நடத்தி, 2018இல் முடிவை வெளியிட்டது. முதலில் தெரிந்த அந்தக் கொஞ்ச முன்னேற்றமும் இம்முறை இல்லை. தங்கள் முடிவைத் தாங்களே திரும்பச் சோதித்து, பலன் இல்லை என்று அச்சிட்ட அந்த நேர்மையை டப்பா விற்கிறவர்களிடம் எதிர்பார்க்க முடியுமா?

வல்லாரையைத் துவையலாகச் சாப்பிடுவதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்காது, நல்ல கீரை. சிரப்பாக்கி மதிப்பெண்ணோடு முடிச்சுப் போடும்போதுதான் சிக்கல். சத்துபானங்கள் அதைவிடத் துணிச்சலானவை. உயரம், வலிமை, கூர்மை மூன்றையும் ஒரே மூச்சில் வாக்களித்த ஹார்லிக்ஸ் விளம்பரத்தை 2008இல் பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் தடுத்தது. இந்தியாவில் 2024 ஏப்ரலில்தான், இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற வகையில் போடாதீர்கள் என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு மத்திய அரசு சொன்னது. டப்பாவைத் திருப்பி, பொருட்களின் பட்டியலைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் தானியமும் சர்க்கரையும் முன்னால் நிற்கும். மூளைக்கு என்று விளம்பரத்தில் சொன்னது வால்பகுதியில் மில்லிகிராம் கணக்கில் இருக்கும்.

காலைச் சாப்பாட்டுக்கு இவற்றைவிட வலுவான சான்று இருக்கிறது. ஜமைக்காவின் கிராமப்புறப் பள்ளிகளில் 814 பிள்ளைகளைக் கொண்டு நடந்த ஆய்வு 1998இல் வெளியானது. பாதிப் பேருக்குப் பள்ளியில் காலை உணவு. மீதிப் பேருக்குக் கால் ஆரஞ்சுப் பழமும் அதே அளவு கவனிப்பும். உணவு பெற்றவர்களின் வருகை கூடியது, எடை கூடியது, சின்ன வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் முன்னேறினார்கள். வெறும் கவனிப்பின் விளைவு இது என்று சொல்லிவிட முடியாதபடி செய்ததுதான் அந்தக் கால் ஆரஞ்சின் அருமை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய தமிழ்நாட்டின் காலை உணவுத் திட்டத்துக்கும் இந்த நியாயம் பொருந்தும். ஆனால் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் பசியை ஆற்றும், இரும்புக் குறைவைத் தீர்க்காது.

அந்தக் குறைவு சிறியதல்ல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை; முந்தைய ஆய்வில் அது 51 சதவீதம். இத்தனைக்கும் சரியான மருந்து அரசின் கையிலேயே இருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இரும்புச்சத்து சிரப், 5 முதல் 9 வயதுவரை வாரம் ஒரு பிங்க் மாத்திரை, அதற்கு மேல் நீல மாத்திரை, குடற்புழுவுக்கு அல்பெண்டசோல். ஒரு பைசா செலவில்லை. சந்தையில் குறைவே இல்லாத பிள்ளைக்கு விற்கிறார்கள் என்றால், இங்கே குறைவுள்ள பிள்ளைக்கு இலவசமாகக் கொடுத்தும் அது வயிற்றுக்குள் போவதில்லை. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். மலம் கறுப்பாகப் போகும்; விவரம் தெரியாத அம்மா பயந்துபோய் அடுத்த வாரம் வேண்டாம் என்பார். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்து, ஜன்னல் வழியே துப்பும் வித்தை பிள்ளைகளுக்குத் தெரியும். டீ குடித்தால் இரும்பு சரியாக உடம்பில் சேராது, எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நன்றாகச் சேரும் என்று வீட்டுக்குச் சொல்லி அனுப்ப ஆளில்லை.

டானிக் கம்பெனிகள் விளம்பரத்துக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கைச் சுகாதாரத் துறை இந்த மாத்திரைக்குக் காட்டலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆசிரியர் கண்முன்னே விழுங்க வைக்க வேண்டும்; கறுப்பு மலம் இயல்பு என்று பெற்றோர் கூட்டத்தில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பெற்றோர் பங்குக்கு, அடுத்த டப்பா வாங்குமுன் பிள்ளைக்கு ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனை செய்து பார்க்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்கும் காசு கிடையாது.