டாக்கர் ஸ்டேக்: ஒரு மதிப்பீடு

டாக்கர் ஸ்டேக் என்பது பல கொள்கலன்களால் ஆன ஒரு செயலியை, பல கணினிகள் சேர்ந்த ஸ்வார்ம் என்னும் கணினித் திரளின் மீது ஒரே கட்டளையில் நிறுவும் வசதியாகும். இது 2017 சனவரியில் டாக்கர் 1.13 பதிப்புடன் வெளிவந்தது. உருவாக்குநர் தம் மடிக்கணினியில் பயன்படுத்தும் கம்போஸ் கோப்பையே வழங்கிக் கணினிகளிலும் பயன்படுத்தலாம் என்பதே இதன் முதன்மையான வாக்குறுதி. அந்த வாக்குறுதி எந்த அளவுக்கு நிறைவேறுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்னணி

2013இல் டாக்கர் அறிமுகமானபோது, ஒரு செயலியையும் அதற்குத் தேவையான நிரலகங்களையும் ஒரே கொள்கலனில் அடைத்து எங்கும் இயக்க முடிந்தது. ஆனால் நடைமுறையில் ஒரு செயலிக்கு ஒரு கொள்கலன் போதாது. வலைச் சேவைக்கு ஒன்று, தரவுத்தளத்துக்கு ஒன்று, இடைத்தேக்ககத்துக்கு ஒன்று எனப் பல தேவைப்படும். இவற்றை ஒரே யாம்ல் கோப்பில் விவரிக்கும் ஃபிக் என்னும் கருவியை டாக்கர் நிறுவனம் 2014இல் கையகப்படுத்தியது. அதுவே பின்னர் கம்போஸ் ஆனது. கம்போஸ் ஒரு கணினிக்கு உரியது. 2016இல் வந்த டாக்கர் 1.12 பதிப்பு, பல கணினிகளை ஒரு திரளாக இணைக்கும் ஸ்வார்ம் முறையை டாக்கருக்குள்ளேயே சேர்த்தது. இவ்விரண்டையும் இணைக்கும் பாலமே ஸ்டேக்.

சிறப்புகள்

எளிமையே இதன் பெரும் பலம். ஒரு கணினியில் ஒரு கட்டளையால் திரளைத் தொடங்கலாம். அது தரும் அடையாளச் சரத்தைக் கொண்டு மற்றக் கணினிகளை இணைக்கலாம். தனியாக வேறெந்த மென்பொருளையும் நிறுவ வேண்டியதில்லை. மேலாளர் கணினிகள் ராஃப்ட் என்னும் இசைவு முறையால் திரளின் நிலையைத் தமக்குள் ஒத்திசைத்துக்கொள்கின்றன. மூன்று மேலாளர்கள் இருந்தால் ஒன்று பழுதடைந்தாலும், ஐந்து இருந்தால் இரண்டு பழுதடைந்தாலும் திரளின் நிர்வாகம் தொடரும்.

வெளியே திறந்த ஒரு துறைக்கு வரும் வேண்டுகோள், திரளின் எந்தக் கணினிக்கு வந்தாலும் உரிய சேவைக்குச் சென்று சேர்கிறது. கடவுச்சொல் போன்ற மறைபொருள்கள் மறையாக்கம் செய்யப்பட்டுச் சேமிக்கப்படுகின்றன. புதிய பதிப்பை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றுவதும், பிழை நேர்ந்தால் பழைய பதிப்புக்குத் திரும்புமாறு அமைப்பதும் கோப்பில் சில வரிகளே. இரண்டு மூன்று பேர் கொண்ட குழுவுக்கு இது பெரும் பேறு.

குறைகள்

முதற் குறை, கோப்பு ஒன்றாக இருந்தாலும் பொருள் ஒன்றாக இல்லாமை. கம்போஸ் கோப்பில் உள்ள ‘பில்டு’ என்னும் பகுதி, மூலநிரலிலிருந்து இமேஜை உருவாக்கச் சொல்கிறது. ஸ்டேக் அதைப் புறக்கணித்து, புறக்கணித்ததாக ஒரு வரி அறிவிப்பை மட்டும் தந்துவிட்டு மேலே செல்கிறது. எனவே இமேஜை முன்பே உருவாக்கி, எல்லாக் கணினிகளும் அணுகக்கூடிய ஒரு பதிவகத்தில் ஏற்றியிருக்க வேண்டும். அந்தப் பதிவகம் கடவுச்சொல் கேட்பதாக இருந்தால், அந்த அனுமதியைப் பணிக்கணினிகளுக்கும் அனுப்புமாறு கட்டளையிலேயே குறிப்பிட வேண்டும். ‘ரீஸ்டார்ட்’ என்னும் அமைப்பும் இங்குச் செல்லாது. அதன் வேலையை ‘டிப்ளாய்’ பகுதிக்குள் வேறு பெயரில் எழுத வேண்டும்.

இதைவிடக் கவலைக்குரியது ‘டிபென்ட்ஸ் ஆன்’ என்னும் வரி. தரவுத்தளம் தொடங்கிய பின்னரே வலைச் சேவை தொடங்க வேண்டும் என்று உருவாக்குநர் இதில் எழுதுகிறார். மடிக்கணினியில் அந்த வரிசை பின்பற்றப்படுகிறது. திரளில் அது பின்பற்றப்படுவதில்லை, அறிவிப்பும் வருவதில்லை. பல கணினிகள் கொண்ட சூழலில் தொடக்க வரிசையை உறுதிசெய்தாலும் பயன் குறைவு. தரவுத்தளம் நள்ளிரவில் வேறொரு கணினிக்கு இடம்பெயரக்கூடும். அதைத் தாங்கி மீண்டும் இணைய முயல்வது செயலியின் கடமை. ஆகவே அந்த வசதி இல்லாதது பிழையன்று. அந்த வரியை ஏற்றுக்கொண்டு பேசாமல் விடுவதே பிழை.

மூன்றாவது குறை தரவைப் பற்றியது. இழப்பு நேரக்கூடிய இடமும் இதுவே. கோப்பில் ஒரு சேமிப்புக் கலனுக்குப் பெயரிட்டால், இயல்பாக அது கொள்கலன் ஓடும் கணினியின் வட்டிலேயே உருவாகிறது. அந்தக் கணினி பழுதடைந்தால், ஸ்வார்ம் தரவுத்தளக் கொள்கலனை வேறொரு கணினியில் தொடங்குகிறது. அங்கே அதே பெயரில் வெறுமையான ஒரு கலன் உருவாகிறது. சேவை நலமாக இயங்குவதாகப் பட்டியல் காட்டும். பயனர்களின் பதிவுகள் ஒன்றும் அதில் இரா. தரவுத்தளத்தை ஒரு குறிப்பிட்ட கணினியோடு கட்டிவைப்பது, அல்லது வலையமைப்புச் சேமிப்பகத்தைப் பயன்படுத்துவது இதற்கான தீர்வு. ஆனால் அப்படி ஒரு முடிவு தேவை என்று கோப்பு எங்கும் கேட்பதில்லை.

குபர்நெட்டீஸுடன் ஒப்பீடு

கூகுள் 2014இல் வெளியிட்ட குபர்நெட்டீஸ் இதற்கு நேர்மாறானது. இரண்டு கொள்கலன் கொண்ட சிறு செயலிக்கும் இயக்கம், வலையமைப்பு, அமைவுகள், சேமிப்பு எனத் தனித்தனி வரையறைகளை எழுத வேண்டும். கற்கும் சுமை மிகுதி. எனினும் நிலையான சேமிப்பு எங்கிருந்து வர வேண்டும் என்பதைத் தனி வரையறையாக எழுதும்போது, உருவாக்குநர் அதைப் பற்றி ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்க நேர்கிறது. குபர்நெட்டீஸ் தொடக்கத்தில் எழுப்பும் கேள்விகளை ஸ்டேக் பழுது நேரும் நாள்வரை ஒத்திப்போடுகிறது.

சந்தை குபர்நெட்டீஸின் பக்கம் சாய்ந்தது. டாக்கர் நிறுவனமே 2017 அக்டோபரில் அதற்கு ஆதரவை அறிவித்தது. 2019இல் அதன் நிறுவனப் பயனர்களுக்கான பிரிவு மிராண்டிஸ் நிறுவனத்திடம் சென்றது. கம்போஸ் 2020 முதல் திறந்த வரையறையாக வளர்ந்துவருகிறது. ஸ்டேக் மூன்றாம் பதிப்பு வடிவத்திலேயே நின்றுவிட்டது. ஒரே கோப்பு என்ற வாக்குறுதி இதனால் மேலும் தளர்ந்துள்ளது.

மதிப்பீடு

ஸ்டேக்கைப் பயனற்றது என ஒதுக்குவது நியாயமன்று. தரவுத்தளத்தைத் திரளுக்கு வெளியே வைத்துக்கொண்டு, சில கணினிகளில் வலைச் சேவைகளை இயக்கும் சிறு குழுவுக்கு இது இன்றும் தகுந்த கருவி. குபர்நெட்டீஸைப் பராமரிக்க ஆளில்லாத இடத்தில் அதை நிறுவுவது, ஸ்டேக்கின் குறைகளைவிடப் பெரிய இடராகலாம். ஆனால் மடிக்கணினிக்கு எழுதிய கோப்பை அப்படியே திரளில் ஏற்றலாம் என்று நம்புவது தவறு. இரண்டுக்கும் எழுத்து ஒன்று, இலக்கணம் வேறு. ஒவ்வொரு வரியும் திரளில் என்ன பொருள் தரும் என்று படித்துப் பார்த்து, ஒரு கணினியை வேண்டுமென்றே நிறுத்திச் சோதித்த பின்னரே அக்கோப்பைப் பயனர்களுக்கு உரியதாகக் கொள்ள இயலும்.