மாமல்லன் இலங்கையை வென்றானா?

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும்போதெல்லாம், "மாமல்லன் இலங்கையை வென்றான்டா" என்று பையனிடம் பெருமையாகச் சொல்லிவந்தேன். சூளவம்சத்தைப் படித்ததும் அதைத் திருத்த வேண்டியதாயிற்று.

காசக்குடிச் செப்பேடு, முதலாம் நரசிம்மவர்மனின் இலங்கை வெற்றி ராமனின் வீரத்தையே மிஞ்சியது என்கிறது. யாருக்காக அந்தப் படையெடுப்பு? அதைப் பற்றிப் பேச்சே இல்லை. இலங்கைப் பிக்குகள் எழுதிய சூளவம்சமோ, சிங்கள இளவரசன் மானவர்மன் பல்லவனிடம் தஞ்சம் புகுந்தான், வல்லபனுக்கு எதிரான போரில் அவனுக்குத் துணைநின்றான், பல்லவப் படையோடு இரண்டாவது முயற்சியில் அரியணை ஏறினான் என்கிறது.

எதை நம்புவது? என் அளவுகோல் சிம்பிள். ஒரு ஏடு தன் பெருமைக்கு எதிராக எதை ஒத்துக்கொள்கிறதோ, அதற்கு எடை அதிகம். தங்கள் அரசன் அடுத்தவன் படையால் ஜெயித்தான் என்று பிக்குகள் சும்மா எழுதமாட்டார்கள்.

1948-ஐப் பற்றிய சண்டைக்கும் இதே அளவுகோல்தான். இஸ்ரேலியருக்கு அது விடுதலைப் போர். பாலஸ்தீனருக்கு நக்பா, அதாவது பேரழிவு. வெளியேறிய சுமார் 7 லட்சம் பேர் தாங்களாகவே போனார்கள் என்ற கதை ரொம்ப நாள் ஓடியது. 1980களில் பென்னி மாரிஸ் போன்ற இஸ்ரேலிய ஆய்வாளர்கள் சொந்த நாட்டு ஆவணங்களைப் புரட்டினார்கள். பல ஊர்களில் மக்கள் துரத்தப்பட்டது அவற்றிலேயே பதிவாகியிருந்தது.

ஒரு வித்தியாசம் உண்டு. மானவர்மன் விஷயத்தில் நான் தப்பாகச் சொன்னதைப் பையனிடம் திருத்திக்கொள்ளலாம். அங்கே பழைய வீட்டுச் சாவியை இன்னும் பத்திரமா வைத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன.