நிலாவை அழைத்த கைகள்

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் மேடைப் பாட்டு சில நிமிடங்களில் முடிந்துவிடும். நின்று ரசிக்க அதற்குள் எவ்வளவோ இருக்கிறது. எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் ஆண்டு விழாவில், நிலாவை விளையாட அழைக்கும் பாட்டொன்றுக்கு என் மகளின் வகுப்பு ஆடியது. அந்த ஆட்டத்தின் நயங்களைச் சொல்லிப் பார்க்க ஆசை.

முதலில் வரவு. உயர வரிசையில், முன்னால் போகிறவர் தோளில் ஒரு கையை வைத்தபடி ஏறினார்கள். ஒவ்வொரு நெற்றியிலும் வெள்ளித்தாள் ஒட்டிய அட்டை நிலா. பட்டுப் பாவாடை தடுக்காமலிருக்க மறுகையால் அதைத் தூக்கிப் பிடித்திருந்தாள் மகள். யார் எங்கே நிற்பது என்று சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தார்கள். தன் வட்டத்தைக் கண்டதும் இரு காலையும் சேர்த்து உள்ளே குதித்தாள். எனக்கு ஆட்டம் அந்தக் குதிப்பிலேயே தொடங்கிவிட்டது.

மேடைக்குக் கீழே, யாருடைய பார்வையையும் மறைக்காமல் தரையில் உட்கார்ந்தபடி டீச்சர் ஆடிக் காட்டினார். பிள்ளைகள் வலக்கையைத் தூக்க வேண்டிய இடத்தில் அவர் இடக்கையைத் தூக்கினார். எதிரெதிரே இருக்கும்போது அப்படிக் காட்டினால்தான் பிள்ளைகள் குழம்பாமல் பின்பற்றுவார்கள். முழுப் பாட்டையும் இடம் வலம் மாற்றி மனத்தில் வைத்திருப்பது லேசான காரியமா? கைதட்டல் போய்ச் சேராத இடத்தில் உட்கார்ந்து அதைச் செய்தார்.

பல்லவி முதல்முறை வந்தபோது மகளின் கை கொஞ்சம் பிந்தியது. காது கேட்டு, கண் டீச்சரைப் பார்த்து, பிறகுதான் கை எழுந்தது. இரண்டாம் முறை பாட்டும் கையும் சேர்ந்து வந்தன. மூன்றாம் முறை வரி தொடங்குவதற்குள் கை மேலே போய்விட்டது. ஒரு பாட்டு உடம்பில் ஊறுவதைக் கண்ணெதிரே பார்த்தேன்.

ஒரே அழைப்புதான், கைக்குக் கை வேறு. ஒருத்தி வீட்டுப் பெரியவர்கள் கூப்பிடும் முறையில் உள்ளங்கையைக் கவிழ்த்து விரல்களை மடக்கி மடக்கி அழைத்தாள். ஒரு பையன் இரண்டு கையாலும் அழைத்தான். கடைசி வரிசைச் சிறுமி கையை அசைக்கவேயில்லை. அண்ணாந்து பந்தல் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிலா வந்துவிடும் என்று முழுதாக நம்பியவள் அவள் ஒருத்திதான்.

நிலாவை அழைப்பது இலக்கியத்திலும் உண்டு. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் அம்புலிப் பருவமும் ஒன்று. அதில் சாமம், தானம், பேதம், தண்டம் என்ற நான்கு வழிகளாலும், குழந்தையோடு விளையாட வா என்று புலவர் நிலாவை அழைப்பார். சப்பாணிப் பருவத்தில் கை கொட்டச் சொல்லிக் குழந்தையையே வேண்டுவார். அங்கெல்லாம் அழைப்பது பெரியவர். நடுவில் இருப்பது குழந்தை. குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் அரங்கேறியபோது மீனாட்சியே சிறுமியாக வந்து கேட்டாள் என்று ஒரு கதை வழங்குகிறது. இந்தப் பள்ளி மேடையில் அழைப்பது பிள்ளைகள். எதிரே உட்கார்ந்து கேட்பது நாம்.

எனக்கு மிகவும் பிடித்தது இடையிசை. அதற்கென்று அசைவு எதுவும் சொல்லித்தரவில்லை. நின்ற இடத்தில் லேசாக ஆடினால் போதும். ஒருவன் சரிந்த நிலாவைத் தூக்கிவிட்டான். ஒருத்தி ஆடும் பல்லை நாக்கால் தொட்டுப் பார்த்தாள். மகள் கூட்டத்தில் என்னைத் தேடினாள். கண்டுகொண்டதும் உதடு வரை வந்த சிரிப்பை, டீச்சரை ஒரு தரம் பார்த்துவிட்டு, அடக்கிக்கொண்டாள்.

அடுத்த சரணம் தொடங்கியது. பக்கத்துப் பையன் கையைத் தொங்கவிட்டுக் கூட்டத்தையே பார்த்து நின்றான். மகள் ஒரு காலை வட்டத்துக்கு வெளியே வைத்து, அவன் மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கிவிட்டாள். அவன் கை ஏறியது. அந்த வரிக்கு அவள் கை எழவில்லை. அடுத்த வரியில் இருவரும் சேர்ந்துகொண்டார்கள்.

அன்றைய ஆட்டத்தின் உச்சம் எனக்கு அவள் ஆடாமல் விட்ட அந்த வரிதான். பாட்டு தன்னுடையது என்று மட்டும் நினைத்திருந்தால் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள். வகுப்பினுடையது என்று புரிந்ததால்தான் பக்கத்துக் கை அவள் கண்ணில் பட்டது. வீட்டில் எல்லோர் கண்ணுக்கும் நடுவில் வளர்ந்த பிள்ளை, பலரில் ஒருத்தியாக நிற்கப் பழகுவது பள்ளியில்தான். அந்தப் பழக்கம் எந்த மதிப்பெண் பட்டியலிலும் ஏறுவதில்லை. உங்கள் பிள்ளை மேடையேறும்போது அதன் கையோடு பக்கத்துக் கைகளையும் பாருங்கள். அது என்ன கற்றிருக்கிறது என்பது அங்கேதான் தெரியும்.