பன்னிரண்டு மணி நேரம்

சாகசம் என்ற சொல்லுக்கு நம் கதாசிரியர்கள் கொடுத்திருக்கும் பொருள் மிகவும் சுருங்கியது. புயல் வேண்டும், புலி வேண்டும், மலைச் சரிவில் கதாநாயகன் ஒற்றைக் கையால் தொங்க வேண்டும். சாப்பாட்டுத் தூக்குடன் காலை பஸ்ஸுக்கு ஓடுகிற மனிதனுக்கும் சாகசத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்பது அவர்கள் தீர்ப்பு. இந்தத் தீர்ப்பை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. என் கட்சிக்குச் சாட்சியாக ஒரு பேர்போன சாகசக் கதையையே அழைக்கிறேன்.

ஜூல்ஸ் வெர்ன் எழுதிய 'எண்பது நாட்களில் உலகைச் சுற்றி' 1873-ல் புத்தகமாக வந்தது. அதன் நாயகன் ஃபாக், இருபதாயிரம் பவுன் பந்தயம் கட்டி, 1872 அக்டோபர் 2-ந் தேதி லண்டனை விட்டுக் கிளம்புகிறான். உலகத்தைச் சுற்றுகிறானே தவிர, பார்க்கிறானா? கப்பலில் சீட்டாடுகிறான், ஊர் பார்க்கும் வேலையை வேலைக்காரனிடம் விட்டுவிடுகிறான். இந்தியாவில் ரயில் பாதை நடுவழியில் முடிந்துபோனதும் இரண்டாயிரம் பவுனுக்கு யானை வாங்குகிறானே, அது சாகசம் அல்லவா என்பீர்கள். அல்ல. பணக்காரன் வாங்கிய டிக்கெட், அவ்வளவுதான்.

சாகசம் அதற்கு அப்புறம் வருகிறது. இறந்த கணவனின் சிதையில் எரிக்கக் கொண்டுபோகப்படும் அவுதா என்ற பெண்ணை வழியில் காண்கிறான். கணக்குப் பார்க்கிறான்; பன்னிரண்டு மணி நேரம் மிச்சம் இருக்கிறது. அதை அவளுக்குக் கொடுத்துவிடத் துணிகிறான். வெர்ன் காட்டும் இந்தியா வெறும் நாடகத் திரை. அதில் எனக்கு ஏகப்பட்ட மனத்தாங்கல் உண்டு. ஆனாலும் இந்த இடத்தில் அவர் பெரிய எழுத்தாளர்தான்.

ஏனென்று முடிவைப் பார்த்தால் தெரியும். பந்தயம் தோற்றுவிட்டது என்று ஃபாக் லண்டனில் வீட்டோடு அடங்கிக் கிடக்கிறான். அவுதாவே அவனை மணக்க விரும்புவதாகச் சொல்கிறாள்; அவனும் சம்மதிக்கிறான். கல்யாணத்துக்குப் பாதிரியாரை ஏற்பாடு செய்யப் போன வேலைக்காரனுக்கு அங்கேதான் விஷயம் தெரிகிறது: கிழக்கு நோக்கிச் சுற்றியதில் ஒரு நாள் லாபம், கெடு இன்னும் முடியவில்லை! அவள் இல்லாவிட்டால் கல்யாணம் இல்லை. கல்யாணம் இல்லாவிட்டால் தேதி தெரிந்திருக்காது. பன்னிரண்டு மணியைக் கொடுத்தவனுக்கு வெற்றியே திரும்பி வருகிறது.

நம் ஏ. கே. செட்டியாரை நினைத்துக்கொள்கிறேன். அதே அக்டோபர் 2-ந் தேதி, 1937-ல், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகையில், காந்தியடிகளைப் பற்றிப் படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. நாடு நாடாக அலைந்து, யார் யாரோ எடுத்த படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து, 1940-ல் படத்தை வெளியிட்டார். அவருடைய பிரயாணக் கட்டுரைகளில் வீரப் பிரதாபம் தேடினால் ஏமாந்துபோவீர்கள். சின்னச் சின்ன வாக்கியங்கள். 'நான்' என்ற சொல்லுக்கு மூலையில்தான் இடம். அவரும் தம் நாட்களைப் பிறர் பொருட்டுக் கொடுத்தவர். வெர்னின் நாயகன் அரை நாள் கொடுத்தான். இவர் கொடுத்தது வருஷக்கணக்கு.

ஆகவே, தன் கணக்கில் இருந்த நேரத்தை இன்னொருவருக்காகத் துணிந்து செலவழிப்பதைத்தான் நான் சாகசம் என்கிறேன். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டபோதும், மயங்கி விழுந்த முன்பின் தெரியாத கிழவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற குமாஸ்தாவுக்கு அன்று அரைநாள் சம்பளம் போகலாம். வீட்டில் அதற்குப் பதிலும் சொல்ல வேண்டியிருக்கும். புலியை எழுதுவது சுலபம். அந்த அரைநாள் சம்பளத்தை எழுதிக் காட்டுங்கள் என்றுதான் நம் கதாசிரியர்களைக் கேட்கிறேன்.