வடிகட்டியும் வன்னி வரலாறும்

முல்லைத்தீவு மாவட்டத்துக் கற்சிலைமடு நினைவுக்கல், 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தமையையே கூறும். அவன் மடிந்தமையைக் கூறாது. எனினும் அந்நாளே அவன் இறந்த நாளாக மக்களிடையே வழங்கலாயிற்று. ஒட்டுசுட்டானைச் சேர்ந்த ஒருவர் தமிழ் விக்கிப்பீடியாவிற் புகுந்து இதனைத் திருத்துகிறார் எனக் கொள்வோம். தானியங்கி வடிகட்டி காண்பது யாது? புதிய கணக்கு, மாற்றப்பட்ட ஆண்டு, சான்றின்மை. மூன்றும் விசமிகளுக்குரிய குறிகளே!

வடிகட்டி கடுமையாயின் களஞ்சியம் தூயதாகும் என்னும் வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. தப்பிய குப்பையைப் பின்வருபவர் அகற்றுவர். விரட்டப்பட்டவர் மீளுதல் அரிது. போரில் நூலும் ஏடும் இழந்த மண்ணிலே இயந்திரம் அச்சுச் சான்று கேட்பது சற்றுக் கொடுமையுங்கூட.

ஆங்கில விக்கிப்பீடியாவில் 2010 முதல் இயங்கிவரும் குளூபொட் என்ஜி என்னும் கருவி இங்கு கருதத்தக்கது. நல்ல திருத்தங்கள் ஆயிரத்துள் ஒன்றுக்கு மேற் பிழையாக நீக்கப்படலாகாது என எல்லை வகுத்தமையால், அது விசமத்தில் ஏறத்தாழ 40 வீதத்தையே பிடித்தது. எஞ்சியது மனிதரிடம் விடப்பட்டது. தெரிந்தே ஏற்ற இழப்பு இது. ஆயினும் ஆங்கிலத் திருத்தங்களாற் பயிற்றப்பட்ட அதன் அளவுகோலை 2003இல் தோன்றிய தமிழ்க் களஞ்சியத்துக்கு அப்படியே பெயர்த்தல் தகாது.

புதிய விதி எதனையும் முதலில் தடுக்கவிடாது, பதிவுசெய்ய மட்டும் விடுதல் வேண்டும். அது பிடித்தவற்றுள் நல்லன எத்தனை என்று எண்ணிய பின்னரும், எச்சரித்தலோ குறியிடுதலோ பெரும்பாலும் போதும். அப்பதிவைப் பார்ப்போருள் வன்னியூர்களை அறிந்தவரும் இருத்தல் வேண்டும்.