சீற்றுக்கு அடியில்

பழைய ஹைலக்ஸ் டபுள் கப்பில் பவர் சீற் பூட்டியிருக்கிறார்கள் என்று யாராவது காட்டினால், நான் முதலில் குனிந்து சீற்றின் அடியைத்தான் பார்ப்பேன். மேலே இருக்கும் தோல் உறை காசு கொடுத்தவருடைய ரசனை. வேலை செய்தவருடைய ரசனை அடியில் ஓடும் வயரில் இருக்கிறது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்கள் மறுபடி வர 2025 ஆகிவிட்டது. இடையில், இருக்கிற பிக்கப்பைப் புதுசாக்குவதே புத்தி என்றானது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பான் கார்களில் கழற்றிய சீற்றுகள் வாங்கலாம். ஏ9 வீதியால் சாவகச்சேரி வந்து இறங்கும்போது, அவற்றின் அடியில் பெரும்பாலும் ஒரு சாண் வயர் வெட்டுப்பட்டுத் தொங்கும். விசயம் தெரிந்தவர், தரைப்பக்கத்து மற்றப் பாதிக் கனெக்ரரையும் கேட்டு வாங்கிக்கொண்டே வருவார்.

முன்பின் நகர ஒரு மோட்டார், உயர ஒன்று, சாய ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வயர். சும்மா நிற்கும்போது இரண்டு முனையும் சுவிச்சுக்குள் ஏர்த்தில்தான் இருக்கும். சுவிச்சை முன்னுக்குத் தள்ளினால் ஒரு முனைக்கு 12 வோல்ற் போகும், பின்னுக்கு இழுத்தால் மற்றதுக்கு. மோட்டார் திசை மாறிச் சுற்றும், அவ்வளவுதான். கொத்தாகத் தொங்கும் வயர்களைக் கண்டு மிரண்டவருக்கு, வெளியிலிருந்து போகவேண்டியது தடித்த இரண்டே வயர் என்று பிடிபடும்போது முகம் மலரும். (மெமரி உள்ள சீற் வேறு ரகம். அதற்குள் இருக்கும் பெட்டி காரின் மற்றப் பெட்டிகளோடு பேசிப் பழகியது. பழைய பிக்கப்பில் அதற்குப் பேச்சுத்துணை இல்லை. மஞ்சள் கனெக்ரர் தெரிந்தால் அது எயார்பாக். சோதனை பல்பைக் கிட்டவும் கொண்டுபோகக்கூடாது.)

அந்த இரண்டு வயரில்தான் ஆளின் கை தெரியும். நல்ல வேலை என்றால் பற்றறியிலிருந்து தனி வயர், ஒரு சாண் போகுமுன்னே 30 அம்பியர் பியூஸ், அதன்பிறகு 4 சதுர மில்லிமீற்றர் செப்பு. சிகரற் லைற்றர் வயரில் கொளுவினால் ஓடாதா என்று கேட்பார்கள். ஓடும். ஆனால் 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் நாலு மீற்றர் போனால், 20 அம்பியரில் கிட்டத்தட்ட 1 வோல்ற்றைத் தானே தின்றுவிடும். தடித்த வயர் தின்பது அதில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேல்தான். இதற்கு மீற்றர் தேவையில்லை, காதே போதும். பாரமான ஆள் இருந்து சீற்றை உயர்த்தும்போது ஒன்று முனகும், மற்றது ஒரே சுருதியில் போகும்.

1990 இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோலும் இல்லை, பற்றறியும் இல்லை. ஒஸ்ரின் கேம்பிரிஜும் மொறிஸ் மைனரும் சில துளி பெற்றோலில் ஸ்ராட் ஆகி, மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடின. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட காலம். அந்தக் கைகளுக்கு என் மரியாதை என்றைக்கும் உண்டு. ஆனால் வயரை முறுக்கி, ரேப் சுற்றி, 'இப்போதைக்கு ஓடும்' என்று அனுப்பிவிடும் பழக்கமும் அந்தக் காலத்து மிச்சம்தான். அன்று வேறு வழி இல்லை. இன்று லக்கும் அதை நெரிக்கும் குறடும் கடையிலேயே கிடைக்கும்போது ரேப் மூட்டை மன்னிக்க எனக்கு மனம் வருவதில்லை. ஈயம் வைத்துப் பற்றவைப்பதையும் நான் பெரிதாக மெச்சமாட்டேன். ஈயம் முடிகிற இடத்தில் வயர் விறைத்து, வண்டியின் அதிர்வில் அங்கேதான் முறியும்.

1950களின் ஒஸ்ரின்களில் பவர் சீற் பூட்டினால் இன்னொரு வேடிக்கை உண்டு. அவற்றில் பற்றறியின் பொசிற்றிவ்தான் பொடியில் இருக்கும். சாதாரண மோட்டாருக்கு இது பொருட்டில்லை, ஆனால் வழக்கம்போல் கொளுவினால் முன்னுக்கு அமத்தச் சீற் பின்னுக்குப் போகும்! சுவிச்சுக்கு வரும் இரண்டு வயரையும் மாற்றிக் கொளுவினால் சரியாகிவிடும். பியூஸ் மட்டும் நெகற்றிவ் வயரிலேயே நிற்கவேண்டும்.

தென்மராட்சி வழியே போகும்போது ஒரு கராஜில் நின்று பார்த்தேன். மெக்கானிக் ஏர்த் பூட்டும் இடத்தில் பெயின்றைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்தபிறகுதான் நட்டை இறுக்கினார். இறுக்கியதும் மேலே கிறீஸ் பூசினார். கடல்நீரேரிப் பக்கத்து உப்புக்காற்றுக்கு அது தேவை. பிறகு சீற்றின் கீழ் ஒரு முழ வயரை வளைத்துச் சும்மா விட்டார். வாகனச் சொந்தக்காரர், "உது வீண் வயர்தானே அண்ணை?" என்றார்.

"சீற் முன்னுக்குப் போகேக்க வயரும் போகவேணுமெல்லோ."

சொல்லிவிட்டுச் சீற்றைக் கடைசிவரை முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டினார், உயர்த்தினார், பதித்தார். ரோர்ச்சைப் பிடித்தபடி தலை கீழேதான் இருந்தது. தண்டவாளத்தில் ஓரிடத்தில் வயர் உரசியது. கட்டை அவிழ்த்து, இரண்டு விரல் தள்ளி மறுபடி கட்டினார்.