மௌலவியைக் காணாத தேடுபொறி

கடலூர் மாவட்டத்து மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து நெய்வேலிக்குச் சென்று பயிலும் மாணவி ஒருவர், தமிழ் முஸ்லிம் புலவர்களைப் பற்றித் தாம் எழுதிய கட்டுரையை நம்மிடம் காட்டினார். நல்ல நடை, உழைப்பும் தெரிந்தது. ஆயினும் ஓரிடத்தில் நாம் திகைத்து நின்றோம். இறைநேசச் செல்வர்கள்மீது தமிழில் எழுந்த நூல்கள் மிகச் சிலவே என்றும், 'ஔலியா' என்னும் சொல்லே நம் நூல்களில் வழக்கிலில்லை என்றும் முடிவு கட்டியிருந்தார். "எப்படியம்மா இந்த முடிவுக்கு வந்தாய்?" என வினவினோம். மின்னூலகம் ஒன்றின் 'மேம்பட்ட தேடல்' பகுதியில் அச்சொல்லை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடியதாகவும், 'முடிவுகள் இல்லை' என விடை வந்ததாகவும் கூறினார்.

குணங்குடி மஸ்தான் சாகிபின் முகியித்தீன் சதகமும், குலாம் காதிறு நாவலரின் நாகூர்ப் புராணமும் பிறந்த மொழியிலா இந்த முடிவு! பிள்ளைமீது நமக்குச் சினம் எழவில்லை. அவரை ஏமாற்றிய கருவியை ஆராய்வதே முறையெனக் கொண்டோம்.

வழு எங்கே இருக்கிறது? 'ஔலியா' என்பதன் முதலெழுத்தில் இருக்கிறது. கணினி எழுத்தை வடிவால் அறிவதில்லை, எண்ணால் அறிகிறது. யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் தமிழ் 1991 முதல் இடம்பெற்றுள்ளது. அதில் ஔ ஒரே எழுத்து. அதற்கு ஒரே எண். ஆனால் தட்டச்சிடுவோர் பலர் 'ஒ' இட்டு அருகே 'ள' இட்டுவிடுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பொறிக்கோ வேறு வேறு. மௌலவி, மௌலானா, மௌலூது ஆகிய சொற்களுக்கும் இதே கதிதான். 'மௌலவி' என்று கேட்டால் 'மெளலவி' என்று பதிவாகியிருப்பவர் அகப்படமாட்டார். நம் சமுதாயத்தில் அன்றாடம் புழங்கும் சொற்களே இவ்வலையில் சிக்கியிருப்பதைக் கவனிக்க வேண்டும்.

'கொ' என்பதன் இரு துணைக்குறிகளைத் தனித்தனியே இட்டாலும் ஒன்றாக இட்டாலும் சமமே என்று யூனிகோடு விதித்திருக்கிறது. திருந்திய மென்பொருள் அவற்றை ஒன்றாக்கிக்கொள்ளும். ளகரத்திற்கு அத்தகைய விதி இல்லை. இருக்கவும் இயலாது. 'ஒளி', 'மெள்ள' என்பன உண்மையான தமிழ்ச் சொற்கள். அங்கெல்லாம் ளகரத்தை விழுங்கிவிட்டால் மொழியே கெடும். ஆயினும் தேடும்போது இரு வடிவையும் சேர்த்துத் தேடுமாறு கருவியைப் பணிப்பது பெருஞ்செயலன்று. அதைச் செய்யாது விட்டதே நாம் கூறும் குறை.

பெயர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். முகம்மது, முஹம்மது, முஹம்மத், முகமது எனவும், முகியித்தீன், முஹ்யித்தீன், முகைதீன் எனவும் நாமே பலவாறு எழுதிவருகிறோம். இப்பழியைப் பொறியின் தலையில் ஏற்றுவது நியாயமன்று. ஆனால் ஒரு செய்தி வியப்பளிக்கிறது. கூகுள் போன்ற பெரிய தேடுபொறிகளின் எளிய கட்டத்தில் ஒரு பெயரை இட்டால், அதை ஒத்த வடிவங்களையும் அது ஓரளவு தானே தேடித் தருகிறது. மேற்கோள் குறி இட்டதும் அந்த உதவி நின்றுவிடுகிறது. நுட்பம் வேண்டிச் சென்றவருக்கே குறைவாகக் கிடைக்கிறது! 'முகம்மது நபி அவர்கள்' என்று குறிக்குள் இட்டால், இடையே (ஸல்) என்று மரியாதையோடு எழுதிய ஏடுகள் விலகிவிடும். நம் நூல்களில் அவ்வாறு எழுதாதவை எத்தனை?

ஆங்கிலத்தில் வேற்றுமை உருபு தனிச்சொல்லாக நிற்கும்; தமிழில் பெயரோடு ஒட்டும். நபிகளார், நபிகளாரை, நபிகளாரிடம் என்பன பொறிக்கு மூன்று சொற்கள். சொல்லின் அடியை மட்டும் கொடுத்து ஈற்றை விட்டுவிடும் வசதி நமக்கே மிகவும் தேவை. கூகுளில் உடுக்குறி இருக்கிறது; அது முழுச்சொல்லுக்கு ஈடாக நிற்குமேயன்றிச் சொல்லின் ஈற்றுக்கு ஆகாது. அங்கு ஒரு சொல்லைக் கட்டாயமாக்கப் பயன்பட்ட கூட்டற்குறியும் 2011-இல் நீக்கப்பட்டது. அந்தப் பணி மேற்கோள் குறிக்கு மாற்றப்பட்டது. பயின்ற கருவி ஒருநாள் சொல்லாமல் மாறிவிடுமாயின் ஆய்வாளர் என் செய்வர்?

இவற்றுள் எதையும்விட நம்மை வருத்துவது அந்த 'முடிவுகள் இல்லை' என்னும் வாசகமே. பழைய நூலகர் "இங்கே இல்லை, வேறு பெயரில் இருக்கலாம், நாளை வாருங்கள்" என்பார். பொறி, தான் எவ்வெவ்வடிவங்களைத் தேடவில்லை என்று சொல்வதில்லை. தேடியது கிடைக்காமையை நூலே இல்லாமையாகக் காட்டுகிறது. இஸ்லாமியத் தமிழ் இலக்கியமென்று ஒன்று உண்டோ என ஐயுற்றவர்க்கு விடையாக, ம.மு. உவைஸ் போன்ற அறிஞர் ஊர் ஊராக ஏடு தேடிப் பட்டியலிட்டனர். அந்த உழைப்பை ஓர் எழுத்தின் எண் மறைத்துவிடலாகாது.

மாணவியின் ஊர்ப் பெயரையே சோதித்துப் பார்த்தோம். மேல்பட்டாம்பாக்கம், மேல் பட்டாம்பாக்கம், மேற்பட்டாம்பாக்கம் என மூன்று வகையாகக் கேட்டதற்கு மூன்று வெவ்வேறு பட்டியல்கள் வந்தன. பிள்ளை சிரித்துவிட்டார். பிறகு 'ஒ'வும் 'ள'வும் சேர்த்து 'ஒளலியா' என்று இட்டார். முன்பு இல்லையென்ற அதே மின்னூலகம் சில நூல்களைக் காட்டிற்று. 'அவுலியா' என்றும் தேடச் சொல்லியிருக்கிறோம். கட்டுரையின் அந்தப் பகுதியை அவர் இப்பொழுது மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்.